அனுமதி பெற்ற வானம்

கடல்சூழ்ந்த தீவில் கரைகாணா நெஞ்சில்
சுடராகி நின்றருளும் சேயே – படகிழந்தார்
போன திசைதெரிந்து பொன்மயிலில் நீசென்று
ஏனைக் கரையொன்று காட்டு.

*

கட்சால் தீவு, நிகோபார்
12 ஜனவரி 2025

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகள் சுகிர்தா எழுதிக்கொள்வது.

டவர் இருக்கும் நாளில் தொலைபேசியிலேயே பேசலாம். ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரமாட்டேன் என்று சொன்ன அதே குரலை மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே கப்பலில் கடிதம் அனுப்புகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஆகஸ்டில் உங்கள் மகனோடு கடலில் போன ட்ரோன் இன்னும் உங்கள் பெயரில் பதிவில் இருக்கிறது. தொலைந்துபோன இயந்திரத்தின் பதிவை உரிமையாளர்தான் நீக்கக் கோர வேண்டும் என்பது விதி. விதிகளை எனக்கு முன்பே படித்தவர் நீங்கள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதை நீக்கிக் கொடுங்கள்.

ரப்பர் தோட்டத்து அளவை வேலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவரோடு சேர்ந்து நானும் பயிற்சி முடித்துப் பைலட் சான்றிதழ் வாங்கியது வீணாகவில்லை என்று நினைத்தேன். புதிய ட்ரோன் வாங்கி, பதிந்து, காப்பீடும் எடுத்துவிட்டேன். ஆனால் உள்ளூர் அலுவலகத்தில், “இதே தொழிற்பெயரில் இன்னொன்று பதிவில் இருக்கிறதே, அது எங்கே?” என்கிறார்கள். கடலடியில் என்றேன். அதை உரிமையாளர் எழுதித் தரட்டும் என்றார்கள். அதுவரை என் இயந்திரம் பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் பேத்தி பிரியங்காவும் நானும் அம்மாவின் ஓய்வூதியத்தில் இருக்கிறோம்.

நடந்ததை, அன்று அவரோடு படகில் போன உதயா அண்ணன் உங்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார். கரையோரத்தை அளக்கப் படகிலிருந்தே ட்ரோனை ஏற்றினார்கள். காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது. அண்ணன் நீந்தி வந்தார், இவர் வரவில்லை. புறப்பட்ட இடத்தையே தன் வீடென்று நினைவில் வைத்துத் திரும்பிவருவது அந்த இயந்திரத்தின் இயல்பு. கட்டளை அறுந்ததும் அது திரும்பி வந்து, படகு மூழ்கிய இடத்துக்கு நேர் மேலே, இறங்க இடமில்லாமல், பேட்டரி தீரும்வரை நின்றதாம். பிறகுதான் விழுந்தது. நீந்திக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்ததைச் சொல்லும்போதுதான் உதயா அண்ணனுக்கு இன்றும் குரல் உடைகிறது.

அவர் இல்லை, மாமா. நான் விரும்பிச் சொல்லும் சொல் அன்று இது.

இன்னொன்றும் எழுத வேண்டும். யாரோ இங்கே அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுகிறார்கள். அந்தியில் கடல்பக்கம் சத்தம் கேட்கிறது. தீவில் சான்றிதழ் பெற்ற பைலட் நான் ஒருத்திதான். பழி என் மேல் விழும். சான்றிதழ் போனால் எனக்கு வேறு தொழில் இல்லை.

சுகிர்தா

*

மரைன் ஹில், போர்ட் பிளேர்
குரோதி ஆண்டு, தை 12

முருகன் துணை.

சௌபாக்கியவதி சுகிர்தாவுக்கு, மாமன் குருநாதன் ஆசி கூறி எழுதுவது.

கடிதம் கண்டேன். நீ கேட்டதைச் செய்ய இயலாது.

நீ எழுதிய விதி சரியே. துறைமுக அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் விதிகளோடு இருந்தவன் நான். வான் விதிகளையும் தோத்திரம் ஓதுவதுபோல் ஓதியிருக்கிறேன். எது தொலைந்ததோ அதன் பதிவை நீக்குக என்றுதான் விதி சொல்கிறது. தொலைந்ததென்று கண்டவர் யார்? கடல் எதையேனும் கரையில் கொண்டுவந்து போட்டதா? ஓர் இறக்கை? ஒரு திருகாணி? என் மகனின் சட்டைப் பொத்தான் ஒன்று? ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராதபோது எள்ளும் நீரும் இறைக்க உங்களுக்கு எப்படிக் கை வந்ததென்று நான் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். அதனாலேயே பதினாறாம் நாள் வரவில்லை. கோபத்தால் அன்று.

பிரேமுக்கு அரசு கொடுத்த பைலட் சான்றிதழ் பத்தாண்டு செல்லும். அதைச் சட்டமிட்டுப் பூசையறைக்கு வெளியே மாட்டியிருக்கிறேன். அரசு அவனை இன்னும் பைலட் என்கிறது. அந்த ட்ரோனின் எண்ணும் இன்னும் உயிரோடு இருக்கிறது. என் மகனைக் குறித்து இவ்வுலகில் ‘இருக்கிறது’ என்று சொல்லும் சாட்சிகள் இவ்விரண்டே. ஒன்றை என் கையாலேயே அழிக்கச் சொல்கிறாய்.

உன் வருமானத்தைப் பற்றி எழுதியிருந்தாய். என் ஓய்வூதியம் உனக்கும் குழந்தைக்கும் உரியது, மறுக்காதே.

அந்தியில் சத்தம் கேட்கிறதென்றாயே, எந்தெந்தக் கிழமைகளில்? எந்தத் திசையில்? இதற்கு மட்டும் தவறாமல் விடை எழுது. ஏன் கேட்கிறேன் என்று கேளாதே.

குருநாதன்

*

கட்சால்
4 பிப்ரவரி 2025

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். ‘சௌபாக்கியவதி’ என்ற சொல்லை மட்டும் தாண்டிப் படித்தேன். அம்மா கவனித்துவிட்டாள்.

கேட்டதற்கு விடை: செவ்வாயும் வெள்ளியும். சூரியன் ரப்பர்க் காட்டுக்குப் பின்னே இறங்கிய பிறகு, முழு இருட்டுக்கு முன். மற்ற நாளில் இல்லை. திசையைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. பவளப் பாறைக்கு அப்பால், படகு கவிழ்ந்த இடம்.

போன வெள்ளி போலீஸ் சௌக்கியிலிருந்து ஹவில்தார் வந்தார். நல்ல மனிதர், வங்காளி. எங்கள் தமிழை அவருடைய இந்தியோடு கலந்து பேசுவார்.

“மேடம், சச் போலோ, உண்மையைச் சொல்லுங்க. உங்க ட்ரோன்தானே?”

“பெட்டியில பூட்டியிருக்கு சார். பேட்டரி தனியா அலமாரியில இருக்கு. வந்து பாருங்க.”

பார்த்தார். பெட்டிமேல் படிந்த தூசியை விரலால் தொட்டும் பார்த்தார். “அப்போ சத்தம் போடறது யாரு?”

என் அம்மா ரெங்கம்மாவை உங்களுக்குத் தெரியும். “கொளவியா இருக்கும் சார். தொப்பியைக் கழட்டிட்டு முத்தத்துல நில்லுங்க, கொட்டினா தெரிஞ்சிரும்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே முற்றத்தில் இறங்கினார்.

அப்போது கேட்டது.

தொலைவில், கடலுக்கு மேல், ஒரே இடத்தில் நிற்கும் சத்தம். அது முன்னும் பின்னும் போகவில்லை. அவர் கையை நெற்றிக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. சத்தத்தின் இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பிரியங்கா மட்டும் வேலியருகே நின்று அந்தப் பக்கம் கையசைத்தாள். “யாருக்கு டாட்டா காட்டற பேட்டி?” என்று தன் மகளைக் கேட்பதுபோல் கேட்டார் ஹவில்தார். “அப்பாவுக்கு. அப்பா ஃபோட்டோ எடுக்கிறாரு” என்றாள்.

அவர் தொப்பியை மறுபடி தலையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு போனார். கொண்டுவந்த தாளில் எதையும் எழுதவில்லை.

மறுநாள் உதயா அண்ணன் வந்தார். “தங்கச்சி, அது நம்ம மெஷின்” என்றார். “எல்லா ட்ரோனும் ஒரே சத்தம்தான் அண்ணே” என்றேன். “இல்லம்மா. எடது பக்கப் பிளேடு முனை ஒடைஞ்சு விசில் அடிக்குமே. மாத்துறேன் மாத்துறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்ல. அந்த விசில்.”

எனக்கும் அது கேட்டிருந்தது, மாமா. இந்தக் கடிதம் வரை யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் ஏன் கிழமையைக் கேட்டீர்கள்?

சுகிர்தா

*

மரைன் ஹில்
குரோதி ஆண்டு, மாசி 3

முருகன் துணை.

சௌபாக்கியவதி சுகிர்தாவுக்கு,

உன் கடிதத்தைப் பூசையறையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதன் எதிரில் அமர்ந்திருந்தேன். கேட்டதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொழில் நடந்த முறை உனக்குத் தெரியும். அங்கே இணையம் நம்பத்தக்கதன்று. ஒவ்வொரு முறை பறப்பதற்கும் முன்னனுமதி வேண்டிய வானம் அது. ஆகவே பறப்பவன் அவன். அனுமதி வாங்குபவன் நான். காலைப் பூசை முடிந்ததும் கணினியின் முன் அமர்வேன். ட்ரோனின் எண், பைலட்டின் பெயர், வரைபடத்தில் அவன் எனக்குக் குறித்துக்கொடுத்த எல்லை, நேரம் இவற்றை நிரப்பி அனுப்புவேன். அனுமதி வந்ததும் அவனுக்குச் சொல்வேன். அனுமதியின்றி அவ்வியந்திரத்தின் விசிறியைக்கூட அவன் சுழலவிட்டதில்லை. மற்றப் பையன்கள் பரிகசிப்பார்களாம். “எங்கப்பா வாங்கித் தராம நான் ஏத்த மாட்டேன்” என்பானாம்.

ஆகஸ்டுக்குப் பிறகு பூசை நிற்கவில்லை. அதன்பின் கணினியின் முன் அமர்வதும் நிற்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் முருகனுக்குரிய நாள்கள். அவ்விரு நாள்களின் அந்திப்பொழுதுக்கு, அவன் பெயரில், அவனது எல்லைக்குள், இன்றுவரை விண்ணப்பித்து வருகிறேன். எண் பதிவில் இருக்கிறதா, சான்றிதழ் செல்லுபடியாகிறதா என்றுதான் கணினி பார்க்கிறது. வேறெதையும் அது கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் அனுமதி வந்தது. அவன் எங்கிருந்தாலும் விதிமீறியவனாக இருக்கக் கூடாதென்பதே என் எண்ணம். விளக்கேற்றி வைப்பதைப்போலத்தான் செய்தேன். யாரேனும் அவ்வொளியில் நடந்து வருவார்களென்று நினைத்துச் செய்யவில்லை.

பத்துபஸ்தியில் இருக்கும் நண்பர் முருகானந்தத்தை அழைத்துச் சொன்னேன். விமான நிலையக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர்.

“ஓய் குருநாதா, இல்லாத மெஷினுக்குப் பெர்மிஷன் வாங்கறது சர்க்கார்கிட்ட பொய் சொல்றதுய்யா. மாட்டினா உம்ம உத்தியோகப் பேரெல்லாம் கப்பலேறிடும்.”

“இல்லையென்று யார் கண்டது?”

“சரி, இருக்குன்னே வெச்சுக்குவோம். எங்கே இருக்கு?”

“கட்சாலில்.”

“கட்சால்ல எங்கேய்யா?”

உன் கடிதத்தை நீட்டினேன். படித்தார். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, வாசலில் செருப்பு மாட்டும்போது, “எனக்கு இதை ஏன்யா சொன்னே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேலும் ஒன்று. பொங்கலுக்குப் பின் எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்தேன். அவ்வாரம் விண்ணப்பிக்கவில்லை. அவ்வாரம் அங்கே என்ன கேட்டது?

இன்னுமொன்று. இம்முறை எல்லைக்கோட்டைச் சற்றே நீட்டி, கரையைத் தொடும்படி வரைந்திருக்கிறேன். எதுவரை வருகிறான் என்று பார்த்து எழுது.

குருநாதன்

*

கட்சால்
27 பிப்ரவரி 2025

மாமா,

நீங்கள் காய்ச்சலில் கிடந்த வாரம் ஒன்றும் கேட்கவில்லை. ‘சனியன் விட்டது’ என்று அம்மா அப்போது சொன்னது நினைவிருக்கிறது.

செவ்வாயன்று கரைக்கு வந்தார்.

சுனாமிக்குப் பின் உப்பேறிப் பட்டுப்போன தென்னைகள் வரிசையாக நிற்குமே, அவற்றின் மேலே. ஓலையில்லாத மொட்டை மரங்கள். ஆனால் அடியில் கிடந்த சருகு வட்டமாக விலகி ஓடியது. மேலிருந்து காற்று அடித்தால்தான் அப்படி ஓடும். நான் அந்த வட்டத்துக்குள் போய் நின்றேன். தலைமுடி பறந்தது. நிமிர்ந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. ஆனால் பயம் வரவில்லை, மாமா. எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒருவர் பக்கத்தில் நிற்கிற உணர்வு. எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டேன். பயிற்சியில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி: பறக்கும் ட்ரோன் பைலட்டின் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும், கண்ணுக்கு மறைந்தால் தவறு. அவர் ஒருபோதும் மீறாத விதி. கடலுக்கு மேலே அது நின்றபோது அவர் கடலில் இருந்தார். இப்போது அது தென்னைமேல் நிற்கிறது. அப்படியென்றால் அதைக் கண்ணால் பார்த்தபடி அவர் எங்கே நிற்கிறார்?

கரையில்தானே நிற்க வேண்டும்?

முதல் கடிதத்தில் நான் கேட்டதை மறந்துவிடுங்கள். பதிவை நீக்க வேண்டாம். அலுவலகம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வேலை போனால் போகட்டும். எல்லைக்கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். எங்கள் வீடுவரை. உங்களிடம் இதுவரை எனக்கென்று எதையும் கேட்டதில்லை.

‘சௌபாக்கியவதி’ என்ற சொல்லை இம்முறை அம்மாவுக்குத் தாண்டாமல் படித்தேன்.

உங்கள் மருமகள்
சுகிர்தா

*

மரைன் ஹில்
குரோதி ஆண்டு, மாசி 25

சௌபாக்கியவதி சுகிர்தாவுக்கு,

நீ கேட்டபடி வீடுவரை நீட்டிவிட்டேன். வேலிக்கதவு அவனுக்கென்று திறந்தே இருக்கட்டும்.

இதை எழுதி முடிப்பதற்குள் இருமுறை எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன், ஏனென்று விளங்கவில்லை. மகிழ்ச்சியென்றே கொள்கிறேன்.

குருநாதன்

*

கட்சால்
22 மார்ச் 2025

மாமா,

சுருக்கமாக எழுதுகிறேன். பிரியங்கா நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று வெள்ளி. கூரைக்கு மேல் வந்தது. தகரம் அதிர்ந்தது. நான் விளக்கேற்றிவிட்டு, கதவைத் திறந்துவைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யாரோ வருவதற்குக் காத்திருந்தேனே தவிர யாரோ போவதை நான் பார்க்கவில்லை. சத்தம் மெல்லக் கடல்பக்கம் நகர்ந்தது. சத்தம் தேய்ந்த பிறகுதான் வீட்டில் குழந்தை இல்லை என்று உறைத்தது.

உதயா அண்ணன்தான் பார்த்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். அழவில்லை. அண்ணாந்து பார்த்தபடி, அது நகர நகர ஓர் அடி எடுத்து ஓர் அடி வைத்து, ஆழத்துக்குள் போய்க்கொண்டிருந்தாளாம். அண்ணன் தூக்கியதும், “விடுங்க மாமா, அப்பா வீட்டுக்குப் போலாங்கிறாரு” என்றாளாம். “வீடு இந்தப் பக்கம்டா கண்ணு.” “இல்ல, அந்தப் பக்கம்” என்று பவளப் பாறைக்கு அப்பால் கை காட்டினாளாம்.

அது இன்னும் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது, மாமா. அதற்கு வீடு அந்தப் படகுதான். எங்களையும் அங்கேதான் கூட்டிப்போகும். அவருக்கு நம்மேல் பகை இல்லை. வேறு வழி தெரியாமல் திரும்பித் திரும்பி அங்கேயே போகிறார்.

நீக்குங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீட்டுங்கள் என்று எழுதியதும் இந்தக் கைதான். எதைச் செய்வதென்று நீங்களே சொல்லுங்கள்.

சுகிர்தா

*

மரைன் ஹில்
குரோதி ஆண்டு, பங்குனி 14

முருகன் துணை.

அம்மா சுகிர்தா,

குழந்தையை ஒரு கணமும் கையைவிட்டு இறக்காதே.

உன் கடிதம் வந்த நேரத்தில் முருகானந்தம் இங்கிருந்தார். படித்துக் காட்டினேன். “குருநாதா, நாங்க டவர்ல உக்காந்து செஞ்ச வேலை என்ன தெரியுமா? பிளேனை ஏத்தறது சின்ன வேலை. எல்லாத்தையும் எறக்கிவிட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். நீ ஏத்திக்கிட்டே இருக்கேய்யா. ஒரு நாளாவது எறங்க எடம் குடுத்தியா?” என்றார்.

அச்சொல் என்னை அடித்து வீழ்த்தியது. அவனுக்கு வானத்தை வாங்கி வாங்கிக் கொடுத்தேன். நிலத்தில் ஓரடி கொடுக்கவில்லை. புறப்படும் இடம், இறங்கும் இடம் என்ற இரண்டிலும் அவன் கடைசியாகக் குறித்த அந்தக் கடல்புள்ளியையே நான் மாற்றாமல் அனுப்பிவந்திருக்கிறேன். மாற்றினால் அவன் அங்கே இல்லையென்று நானே ஒப்புக்கொண்டதாகுமே என்ற அச்சம்.

அங்கே வருகிறேன். அடுத்த கப்பலில் இடம் கேட்டிருக்கிறேன். இனி நான் வரும்வரை விண்ணப்பம் இல்லை. ஆகவே சத்தமும் இராது. நான் வந்தபின் ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கடைசியாக ஒன்று. அதில் இறங்கும் இடம் உங்கள் கரை. உன்னிடம் இருக்குமே ஆரஞ்சு நிற இறங்குபாய், அதை மணலில் விரித்து வை. காற்றில் பறக்காதபடி மூலைகளில் கல் வை. அன்று காலையே எள்ளும் நீரும் நான் இறைக்கிறேன். அந்தக் கடன் என்னுடையது. மறுநாள் பதிவை நீக்குவேன். எங்கே, எப்போது, எப்படித் தொலைந்ததென்று உண்மையை எழுதுவேன். தொலைந்ததற்கு அனுமதி பெற்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதுவேன். அதற்குரிய தண்டனை எதுவாயினும் எனக்கு வரட்டும்.

இக்கடிதத்தின் தலைப்பில் ஒரு சொல்லை விட்டிருக்கிறேன். கவனித்திருப்பாய். அதை எழுதாமல் விடுவதற்குள் இரண்டு தாள்களைக் கிழித்தேன்.

குருநாதன்

*

கப்பலிலிருந்து
விசுவாவசு ஆண்டு, சித்திரை 9

முருகன் துணை.

என் மகள் சுகிர்தாவுக்கு, அப்பன் எழுதுவது.

கப்பல் கட்சாலை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. அடுத்து நிற்கும் துறையில் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புவேன். நேரில் பேசியிருக்கலாம். உன் வீட்டில் இருந்த நாள்களில் நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சோறு போதுமா, கொசு கடித்ததா என்பதைத் தவிர. ஆகவே எழுதிவைக்கிறேன், நான் கண்டது நீ கண்டதோடு ஒக்கிறதா என்று நீ பார்த்துக்கொள்ள.

வெள்ளியன்று காலை எள்ளும் நீரும் இறைத்தேன். அந்தி சாயச் சாய அது பவளப் பாறைக்கு அப்பாலிருந்து வந்தது. அந்த விசிலை அன்றுதான் முதன்முதலாக நான் கேட்டேன். அவன் சிறுவனாயிருந்தபோது மாடிப்படியில் அடித்துக்கொண்டு வரும் விசிலின் அதே ஏற்ற இறக்கம். உதயா உன் பக்கத்தில் நின்று, “எறங்குடா, எறக்கிக்கிட்டு வாடா” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ரெங்கம்மா குழந்தையைச் சேலைத் தலைப்பால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். பட்டுப்போன தென்னைகளைத் தாண்டியது. பாய்க்கு மேல் வந்து நின்றது. நின்றுகொண்டேயிருந்தது. இறங்க அஞ்சுகிறானோ என்று தோன்றியது எனக்கு. நீ ஓரடி முன்னே வைத்தாய். “கீழே தரைதான். நான் பார்த்துக்கிட்டு இருக்கேன், வாங்க” என்றாய். மனைவி கணவனை அழைப்பதாக மட்டும் எனக்கு அது கேட்கவில்லை. ஒரு பைலட் இன்னொரு பைலட்டுக்குச் சொல்லும் குரலாகவும் கேட்டது.

பாயைச் சுற்றி மணல் வட்டமாக விலகியது. ஒலி தாழ்ந்து தாழ்ந்து வந்து நின்றது. பாயின் நடுவே நான்கு குழிகள் அழுந்தின. அவற்றில் உப்புநீர் ஊறிற்று. அதுமட்டுமே நான் கண்டது. அதன்பின் வேலிக்கதவு வரை ஈரக் காலடிகள் இருந்ததாக உதயா சொல்கிறான். அவன் அழுதுகொண்டிருந்ததால் அதை நான் சாட்சியாகக் கொள்ளவில்லை. ஆனால் அன்றிரவு நீயே எழுந்து போய் வேலிக்கதவைச் சாத்தினாய். அந்தத் தாழ்ப்பாளின் ஓசை படுத்திருந்த எனக்குக் கேட்டது.

குழந்தை, “அப்பா எறங்கிட்டாரு” என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

மறுநாள் தோட்ட அலுவலகத்து வராந்தாவில், டவர் கிடைத்த மூலையில் நின்று, பதிவை நீக்கும் பொத்தானை நான் அழுத்தப் போகையில் என் மணிக்கட்டைப் பிடித்தாய். தடுக்கவா, தாங்கவா என்று நானும் கேட்கவில்லை, உனக்கும் தெரிந்திராது. இருவரும் சேர்ந்தே அழுத்தினோமென்று வைத்துக்கொள்வோம்.

இன்று செவ்வாய். கப்பல் இப்போது அந்த இடத்தைக் கடக்கிறது. மாலுமி ஒருவரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நேரமும் அதே நேரம். மேல்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கடற்பறவை ஒன்றுகூட இல்லை. பதிவு நீங்கியபின் வரும் முதல் செவ்வாய் வானம், யாருக்கும் அனுமதி வாங்கப்படாதது. அது எவ்வளவு பெரியதாக இருக்கிறது, அம்மா! கீழே பார்த்தேன். கப்பலின் கைப்பிடிக் கம்பியின்மேல், என்னை அறியாமல், என் விரல்கள் அவன் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. கையைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

உன் ட்ரோனுக்கான தடை நீங்கியதென்று உள்ளூர் அலுவலகத்தார் என்னிடமே சொன்னார்கள். உனக்கு அங்கே இணையம் நம்பத்தக்கதன்று. ஆகவே மரைன் ஹில் சேர்ந்ததும், காலைப் பூசை முடித்து, பழைய நாற்காலியில் அமர்வேன். பைலட் பெயர்: சுகிர்தா. புறப்படும் இடம்: கரை. இறங்கும் இடம்: கரை. பறப்பது நீ, அனுமதி வாங்குவது நான். ஆனால் ஒரு மாற்றம். இறங்கிவிட்டேன் என்று நீ சொல்லும்வரை நான் நாற்காலியை விட்டு எழமாட்டேன்.

ஏறியவரெல்லாம் இறங்கக் கரை காட்டும் கந்தன் உன் கூரையையும், அதன்கீழ் உறங்கும் குழந்தையையும், கதவடைக்கும் உன் கையையும் காக்க. இதைப் படிக்கும் எவருடைய இல்லத்திலும் புறப்பட்டவர் அந்திக்குள் திரும்புக. திரும்ப இயலாதவர்க்கு இறங்க ஓர் இடம் கிடைக்க. அடுப்பு எரிக, விளக்கு நிலைக்க, வாழ்க வளத்துடன்.

அப்பன்
குருநாதன்